இடது பக்கம் ஒருவரும் இல்லை

ஓய்வு பெற்ற கையோடு நாங்கள் வாங்கிய முதல் பெரிய பொருள் ஒரு கேம்பர் டிரெய்லர். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சின்னப் பெட்டி அது. போய்ச் சேர்ந்த இடத்தில் மூடியைத் திறந்து விரித்தால் கன்வஸ் கூடாரம் எழும்பும், உள்ளே ஒரு கட்டில் இருக்கும், பக்கவாட்டில் இழுத்தால் அடுப்போடு ஒரு குசினியே வெளியே வரும். வின்ட்சர் பக்கத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதியிடம் பழையதாக வாங்கினோம். அந்த மனிதர் அதை எங்கள் காரில் கொளுவிவிட்டு, பெட்டியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், மாட்டை விற்கிறவர் தட்டுவது போல.

திட்டம் முழுக்க என்னுடையது. சிட்னியிலிருந்து மெல்பர்ன், அங்கே மகள் வீட்டில் கொஞ்ச நாள், பிறகு அடிலெய்ட், நலர்போர் வெட்டவெளியைத் தாண்டி பேர்த், அப்படியே மேலே ஏறி டார்வின், பிறகு இறங்கி வீடு. வருடக்கணக்காக இந்த நாட்டில் இருந்தும் கிரவீனில் எங்கள் வீடு, நான் வேலை செய்த வெயார்ஹவுஸ், தேவாலயப் பூசை, வென்ட்வேர்த்வில் கடைகள், இவற்றைத் தாண்டி நாங்கள் பெரிதாக ஒன்றும் பார்த்ததில்லை. என் மனைவி சிறுபிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்தவள். கார் ஓட்டுவாள், ஆனால் வேலைக்கும் தேவாலயத்துக்கும் கடைக்கும் மட்டும். நெடுஞ்சாலை என்றால் என் பக்கம் சாவியை நீட்டிவிடுவாள். ஆகவே ஓட்டுவது நான், சமைப்பது அவள் என்று பேசாமலே முடிவாகியிருந்தது.

அந்தக் கோடை முழுவதும் ஆயத்தம்தான். அவள் மிளகாயை வறுத்துத் தூளாக இடித்துப் போத்தல்களில் அடைத்தாள். தெற்கு ஆஸ்திரேலிய எல்லையில் பழம், மரக்கறியைப் பறித்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு, கருவேப்பிலை பறிபோகுமா என்று கண்டவரையெல்லாம் விசாரித்தாள். கருவாடு வேண்டாம், காரில் மணம் இறங்காது என்று நான் சொன்னதை மட்டும் அவள் காதில் வாங்கவில்லை.

ஜனவரியில் ஒரு கொதிக்கிற நாள், டிரெய்லரின் பக்கத்தில் வெயில் மறைப்புத் துணி பூட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று தலையின் பின்பக்கம் வெடிக்கிற மாதிரி ஒரு வலி. வாந்தி வந்தது. உள்ளே போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தேன். வெயில் அடித்துவிட்டது என்று மனைவி மோர் கரைத்துத் தந்தாள். விடிய எழும்பினேன், வலி இல்லை. மிச்ச ஆணிகளை முறுக்கிவிட்டுத் தேநீர் குடித்தேன். அது அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் பின்பக்கமாக எடுக்கும் பயிற்சியைத் தொடங்கினோம். டிரெய்லரை முன்னுக்கு இழுப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. பின்னுக்குத் தள்ளுவதில்தான் வித்தை இருக்கிறது, கார் ஒரு பக்கம் போனால் பெட்டி மறுபக்கம் போகும். எனக்கு அதில் பயம் இருக்கவில்லை. கால்நூற்றாண்டுக்கு மேல் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன் நான். தட்டுகளை அடுக்கிய ஒடுங்கிய சந்துகளுக்குள் நாள் முழுக்கப் பின்னோக்கித்தான் ஓட்டம். ஒரு பெட்டியைக்கூடக் கீறியதில்லை.

முதல் நாளே குப்பைத் தொட்டி போயிற்று. அடுத்த வாரம் எங்கள் கேற்றின் தூண். அதற்கடுத்தது பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரரின் தபால் பெட்டி. அது செங்கல்லில் கட்டியது, அவர் தானே கட்டியது. மனிதர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் பரவாயில்லை என்றார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

ஒவ்வொரு தடவையும் என் மனைவி வெளியே நின்று கையைக் காட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

"இடப்பக்கம்! இடப்பக்கம் பாருங்கோ! ஐயோ நிப்பாட்டுங்கோ!"

"நீர் எங்கை நிக்கிறீர்? கண்ணாடியிலை தெரியிற மாதிரி நில்லுமன்!"

"கண்ணாடியிலை தெரியிற இடத்திலைதான் நிக்கிறன். நீங்கள்தான் பாக்கிறியள் இல்லை."

அவள் பிழையான இடத்தில் நிற்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நான் பார்த்தேன், அங்கே அவள் இல்லை. இதைவிடத் தெளிவாக ஒருவன் எதை அறிய முடியும்?

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. கடையில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்ப் பத்திரிகையை வாசிக்கும்போது வரிகள் நடுவிலேயே தொடங்குவது போல இருக்கும். ஒரு வசனத்துக்கும் தலை இருக்காது. இப்போது எழுதுகிறவர்களுக்குத் தமிழே தெரியாது என்று சத்தமாகத் திட்டிவிட்டுப் பத்திரிகையை மடித்து வைப்பேன். "ஓம், ஓம்" என்று மனைவி குசினியிலிருந்து சொல்வாள்.

ஒரு சனிக்கிழமை முற்பகல், பழக்கத்துக்காக வெறும் டிரெய்லரைக் கொளுவிக்கொண்டு பென்டில் ஹில் கடைத்தெருவுக்குப் போனோம். நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். முன்னால் பாதசாரிக் கடவை. வீதி வெறுமையாக இருந்தது. கால் பிரேக்கின் பக்கம் போகவேயில்லை.

"அப்பா! ஆள்! ஆள்!"

மனைவி என் தொடையில் அடித்தாள். அடித்த அடியில்தான் பிரேக்கை மிதித்தேன். பின்னால் டிரெய்லர் எங்களை ஒரு தள்ளுத் தள்ளியது. கார் நின்றபோது, பானெட்டின் இடது மூலையில் ஒரு இளம் பெண் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தைத் தள்ளுவண்டி. தன்னை வண்டிக்கும் காருக்கும் நடுவில் போட்டிருக்கிறாள். அவள் போட்டிருந்தது பளிச்சென்ற மஞ்சள் மேற்சட்டை. வீதி வேலைக்காரர் போடுகிற மாதிரி மஞ்சள், எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும்.

அவள் கத்தினாள். என்ன சொன்னாள் என்று எனக்கு இப்போது நினைவில்லை. அந்த முகம் மட்டும் நினைவிருக்கிறது. கோபம்கூட இல்லை, அதிர்ச்சி. பகல் வெளிச்சத்தில் தன்னை நேராகப் பார்த்தபடி ஒருவன் எப்படித் தன்மேல் காரை ஏற்ற வருவான் என்ற அதிர்ச்சி. பிறகு தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். குழந்தை விழிக்கவேயில்லை.

காரை ஓரமாக நிறுத்தினேன்.

"இடது பக்கம் ஒருத்தரும் இல்லை. சத்தியமா ஒருத்தரும் இல்லை. எங்கையிருந்து வந்தவ?"

மனைவி என்னைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. சண்டை போடுகிற பார்வை இல்லை.

"அவ கடை வாசல்லை இருந்து நடந்து வாறா. நான் பாத்துக்கொண்டு இருக்கிறன், நீங்கள் நிப்பாட்டுவியள் எண்டு. உங்களுக்கு உண்மையா தெரியேல்லையே?"

"நான் பொய் சொல்லுவனே?"

அவள், பராமரிப்பு நிலையத்தில் பிள்ளைகளிடம் பேசும் குரலில் சொன்னாள். "நேரை பாருங்கோ. அந்தப் பேக்கரி போர்ட்டைப் பாத்துக்கொண்டே இருங்கோ. என்ரை பக்கம் திரும்பக் கூடாது. நான் இப்ப என்ன செய்யிறன்?"

"நீர் சும்மா இருக்கிறீர்."

"இப்ப?"

"சும்மா இருக்கிறீர்."

"திரும்பிப் பாருங்கோ."

திரும்பினேன். என் முகத்துக்குச் சற்று முன்னால், தன் சிவப்புக் கைப்பையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இறங்குங்கோ," என்றாள். "நான் ஓட்டுறன்."

வாழ்க்கையில் டிரெய்லர் இழுத்தறியாதவள், நாலு பக்கமும் விளக்கு மினுக்கிக்கொண்டு, நடக்கிற வேகத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தார்கள். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடி "அடியுங்கோ, அடியுங்கோ" என்று அவர்களுக்குத் தமிழில் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடியின் இலக்கம் மாறியிருக்கும், புதிதாகப் போட்டால் சரி என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். கண் பரிசோதிக்கிற பெண் என் நாடியை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் பார்க்கச் சொன்னாள். நடுப்புள்ளியையே பார்க்கவேண்டும், எங்காவது வெளிச்சப் பொட்டுத் தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமத்தவேண்டும். நான் நன்றாகத்தான் செய்தேன். தெரிந்த ஒவ்வொரு பொட்டுக்கும் அமத்தினேன். இடையிடையே நீளமாக ஒன்றும் வராது. இயந்திரம் பழசு போல என்று நினைத்தேன்.

அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தாள். இரண்டு வட்டங்கள், ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்று. இரண்டிலும் வலது பாதி வெள்ளை, இடது பாதி முழுக்கக் கறுப்பு. கத்தியால் நடுவே வெட்டிய மாதிரி.

"இது ஆருடையது?" என்று கேட்டேன். வேறு யாருடைய தாளோ மாறி வந்துவிட்டது என்று உண்மையாகவே நினைத்தேன்.

உங்கள் கண்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன, பிரச்சினை கண்ணில் இல்லை, தலைக்குள் என்று அவள் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். ஒரு கடிதம் எழுதித் தந்து, வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கடையில் கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கியிருந்த சுவரெல்லாம் எனக்கு முழுதாகத்தான் தெரிந்தது. எங்கும் ஓட்டை இல்லை, இருட்டு இல்லை.

ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். பின்னேரம் ஒரு இளம் டாக்டர் வந்தாள். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் தானும் தமிழ்தான் என்றாள், தமிழ்நாட்டுப் பிள்ளை.

"அங்கிள், உங்களுக்கு ஸ்ட்ரோக் வந்திருக்கு," என்றாள்.

"எப்ப? இப்பவா?"

"இல்ல, புதுசு இல்ல. சில வாரம் ஆயிருக்கும். மூளையோட பின்பக்கம், பார்வைக்கான இடத்துல. நடுவுல எப்பவாவது பயங்கரமா தலைவலி, வாந்தி மாதிரி ஏதாவது வந்துச்சா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். மனைவிதான் வாயைப் பொத்திக்கொண்டு, "அந்தத் துணி பூட்டின நாள்," என்றாள். "நான் மோர் கரைச்சுக் குடுத்தனான்."

கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை, பேச்சுக் குழறவில்லை. ஸ்ட்ரோக் என்றால் இவைதான் என்று நான் நம்பியிருந்தேன். பாதிப் பார்வையை ஒருவனிடமிருந்து எடுத்துக்கொண்டு அவனுக்கே சொல்லாமல் போகிற ஒன்று இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

"பாதி போனா அந்த இடம் கறுப்பாத் தெரிய வேணுமே?" என்று கேட்டேன். "எனக்கு எல்லாம் தெரியுதே, பிள்ளை."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அங்கிள், உங்க முதுகுக்குப் பின்னால இப்ப என்ன தெரியுது? கறுப்பா தெரியுதா?"

யோசித்தேன். கறுப்பாக இல்லை. அங்கே ஒன்றுமே தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடத் தெரியவில்லை.

"அந்த மாதிரிதான் உங்க இடது பக்கமும்," என்றாள்.

வியாதியின் பெயரோ படமோ உலுக்காத என்னை அந்த ஒரு வசனம் உலுக்கியது. அந்த வாரங்களில் நான் ஓட்டிய ஓட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எம்-ஃபோர் நெடுஞ்சாலையில் இடது பாதைக்கு எத்தனை தடவை மாறியிருக்கிறேன்? தேவாலயத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வயதான அன்ரியை ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் விட்டிருக்கிறேன், அவர் செபமாலை உருட்டியபடி பின்னால் இருந்து வருவார். இடது பக்கத்தில் எத்தனை பேர் எனக்கு வழிவிட்டு விலகியிருப்பார்கள், நான் அவர்கள் இருந்ததையே அறியாமல்? அந்தப் பெண்ணின் இரண்டு உள்ளங்கைகளும் பானெட்டில் ஊன்றியிருந்தது திரும்பத் திரும்ப வந்தது. நான் அழுதேன். டாக்டர் பிள்ளை என் தோளில் கை வைத்து, நல்ல காலம் அங்கிள், இதயத் துடிப்பு ஒழுங்கா இல்லாததால ரத்தம் கட்டியிருக்கு, அதுக்கு மாத்திரை இருக்கு, திரும்ப வராம பாத்துக்கலாம் என்றெல்லாம் சொன்னாள். பார்வை பெரிதாகத் திரும்பாது என்பதையும் மறைக்கவில்லை. "வண்டி மட்டும் ஓட்டவே கூடாது," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் டிரெய்லரை விற்க விளம்பரம் போடச் சொன்னேன். மனைவி படம் எடுத்து இணையத்தில் போட்டுத் தந்தாள். மகள் மெல்பர்னிலிருந்து ஓடிவந்து என்னோடு இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். மாதங்கள் போயின. வலது பக்கமாகவே வாழப் பழகினேன். கதவு நிலையில் தோள் இடிக்கும், மேசையில் தேநீர்க் கோப்பையைத் தட்டிவிடுவேன், கடையில் யாராவது இடது பக்கத்திலிருந்து பேசினால் திடுக்கிட்டுப்போவேன். மனிதர்கள் எனக்கு வெறுமையிலிருந்து முளைத்தார்கள்.

குளிர்காலத்தில் ஒரு நாள், டிரெய்லரைப் பார்க்க ஒரு தம்பதி வந்தது. எங்களைவிட இளையவர்கள். அந்த மனிதர் கன்வஸைத் தடவிப் பார்த்தார், சில்லுகளைத் தட்டினார், பிடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. நான் மூடியைத் திறந்து காட்ட எழுந்தேன்.

"இது விற்கிறதுக்கு இல்லை," என்று என் மனைவி ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர்கள் அவளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். விளம்பரம் போட்டவளே அவள்தான்.

"மன்னிக்கவேணும்," என்றாள் அவர்களிடம். "நாங்கள் போகப் போறம்."

அவர்கள் கார் வளைவைத் தாண்டிப் போனதும் கேட்டேன். "எங்கையப்பா போகப் போறம்? ஆர் ஓட்டுறது?"

"நான்."

"நீர் பரமட்டாவுக்கு அங்காலை போனதில்லை!"

"பென்டில் ஹில்லிலை இருந்து இழுத்துக்கொண்டு வந்தனான் தானே."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. டிரெய்லர் இழுக்கக் கற்றுக்கொடுக்கிற வகுப்பு ஒன்றில் அவள் ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கிறாள் என்று அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

வகுப்பு நடந்தது ஒரு பழைய விளையாட்டு மைதானத்தின் கார் தரிப்பிடத்தில். கற்றுக்கொடுத்தது வெயிலில் காய்ந்த முகத்தோடு ஒரு நடுத்தர வயது வெள்ளைக்காரி. நான் வேலியோரம் ஒரு மடக்குக் கதிரையில் இருந்து பார்த்தேன். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடி, பெட்டி எந்தப் பக்கம் போகவேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்து, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொடுத்தாள். என் மனைவி முதலில், பயிற்சிக்காக வரிசையாக வைத்திருந்த கூம்புகளையெல்லாம் விழுத்தினாள். நான் கதிரையிலிருந்து எழுந்து கையைக் காட்டிக் கத்தினேன். அவள் கண்ணாடியை இறக்கி, "நீங்கள் இருங்கோ," என்றாள். இருந்தேன்.

அவள் எவ்வளவு பயிற்சி எடுத்தாள் என்று கணக்கில்லை. ஒரு பின்னேரம், எங்கள் கேற்றுக்குள் அந்தப் பெட்டியை ஒரே வீச்சில், தூணைத் தொடாமல் கொண்டுவந்து நிறுத்தினாள். குஜராத்திக்காரர் தன் புதிய தபால் பெட்டிக்குப் பக்கத்தில் காவலுக்கு நிற்பது போல நின்றிருந்தவர், கை தட்டினார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, நெஞ்சுக்குள் எங்கோ சுள்ளென்றும் இருந்தது. அது என் வேலை. அதை இனி நான் செய்யமாட்டேன்.

மகளுக்குத் தொலைபேசியில் சொன்னோம். "அம்மாவா? ஹைவேயிலயா? டிரெய்லரோடயா? ஆர் யூ கைஸ் சீரியஸ்?" என்றாள்.

எங்கள் குடும்ப டாக்டரும் போகலாம் என்றார், மாத்திரை தவறக்கூடாது என்றார். வசந்த காலத்தில் ஒரு காலை புறப்பட்டோம். இப்போது நான் இடது ஆசனத்தில், அவள் எனக்கு வலப்பக்கம். பார்வை மிஞ்சியிருக்கிற பக்கம் அது. வழி முழுக்க அவள் முகம் எனக்குத் தெரிந்துகொண்டே வந்தது. இவ்வளவு நாள் காரில் நான் அவளைப் பார்த்ததேயில்லை என்று தோன்றியது. மேல்உதட்டில் வியர்வை. கண் வீதியை விட்டு அசையவில்லை. பெரிய லாரிகள் உறுமிக்கொண்டு முந்தும்போது டிரெய்லர் ஒரு ஆட்டம் ஆடும், அவள் தாடை இறுகும், அவ்வளவுதான். வானொலி வேண்டாம் என்றாள். நான் பேசவும் வேண்டாம் என்றாள். நல்ல துணிச்சல்காரி என்று மனதுக்குள் வியந்துகொண்டு வந்தேன்.

கோல்பர்ன் தாண்டி ஒரு ஓய்விடத்தில் காரை நிறுத்தினாள். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் பின்பக்கம் போனாள். கொளுவியைச் சரிபார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வரவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். டிரெய்லரின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, புல்லில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஜனவரியில் நானும் இப்படித்தான் வாந்தி எடுத்தேன். எனக்கு நடந்ததுதான் அவளுக்கும் நடக்கிறது என்று நினைத்தேன். "நேரை பாரும்! என்ரை கை தெரியுதோ? இந்தக் கை தெரியுதோ?" என்று இரண்டு பக்கமும் கையை ஆட்டினேன்.

"சும்மா இருங்கோப்பா," என்றாள், வாயைத் துடைத்தபடி. "எல்லாம் தெரியுது. எனக்குப் பயம். அவ்வளவுதான்."

"என்ன பயம்?"

"வீட்டிலையிருந்து வெளிக்கிட்ட நேரம் தொட்டுப் பயம். அந்த வகுப்புக்குப் போன முதல் நாள் தொட்டுப் பயம். ஒவ்வொரு தரமும் வீட்டுக்கு வந்து குளியலறையிலை சத்தி எடுக்கிறனான். உங்களுக்குத் தெரியாது."

ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, நான் இதைக் கண்டதில்லை. அதற்கு என் கண்ணில் பழி போடவும் முடியாது.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் திரும்புவம் எண்டு சொல்லுவியள்."

"இப்பவும் சொல்லுறன். திரும்புவம். மகள் ரெயினிலை வரட்டும், நாங்கள் வீட்டிலை இருப்பம்."

அவள் தண்ணீர்ப் போத்தலை எடுத்து வாயைக் கொப்புளித்தாள். முகத்தைக் கழுவினாள். சேலைத் தலைப்பு இல்லாததால் என் சேர்ட்டின் கையை இழுத்து அதில் துடைத்தாள்.

"இந்த ரோட்டிலை டிரெய்லரோடை திருப்பிறதுக்கு எனக்கு இன்னும் தெரியாது," என்றாள். "நேரை போகத்தான் தெரியும்."

இழுப்பறைக் குசினியை வெளியே இழுத்து, அடுப்பை மூட்டித் தேநீர் வைத்தோம். காற்று அடுப்பை அணைத்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற லாரிச் சாரதி ஒருவர் வந்து, காற்றுக்கு மறைப்பாகத் தன் உடம்பை நிறுத்தி நின்றார். அவருக்கும் ஒரு கோப்பை கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, அடுத்த ஊர்வரை நான் உங்களுக்கு முன்னால் மெதுவாகப் போகிறேன், பின்னாலேயே வாருங்கள் என்றார். அவள் ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டாள். அவருக்கும் அது விளங்கிவிட்டது.